மோட்டார் வாகனத்தின் இலத்திரனியல் கட்டுப்பாட்டு அலகும் அதன் திருத்தமும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையில் ஒரு மோட்டார் வாகனத்தின் ஆயுளை நிர்ணயிப்பவர் அதனை ஆக்கிய பொறியியலாளர் அல்லர், கொழும்புச் சுங்கமே எனக் கூறின் அது மிகைக்கூற்றாகாது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது; 1970 முதல் 1977 வரையான ஆட்சிக்காலத்தில் அக்கட்டுப்பாடு மேலும் இறுகியது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் பாட்டனிடமிருந்து பேரனுக்கு இறங்கிய காலம் அது. 1977 இன் பிற்பகுதியில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் யப்பானிய வாகனங்கள் நாட்டினுள் பெருகின. 2020 மார்ச்சில் அக்கதவு மீண்டும் சாத்தப்பட்டது. 2022 ஏப்பிரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் வழி பிறந்தது. அதுவும் சாதாரண மனிதன் எட்டிப் பார்க்கவியலாத வரிச்சுமையுடன்.

இவ்விரு மூடிய காலங்களுக்குமிடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. முதற் காலத்துப் பழைய காரைச் சுத்தியலும் கடைசல் இயந்திரமும் காப்பாற்றின. காபரேற்றரைக் கழற்றிப் பெட்றோலிற் கழுவி, ஓசையைக் காதாற் கேட்டே இயந்திரத்தைச் சீர்செய்த கம்மியர் வாழ்ந்த காலம் அது. இரண்டாம் காலத்துப் பழைய காரினுள்ளோ, ஆக்கியோன் எவருந் திறக்க வேண்டுமென எண்ணியிராத ஓர் அலுமினியப் பெட்டி இருக்கின்றது. அதுவே இலத்திரனியல் கட்டுப்பாட்டு அலகு. எமது கராஜ்களில் அதனைக் 'கம்பியூட்டர் பெட்டி' என்பர்.

அப்பெட்டியின் பிறப்பு எமது கரைக்கு மிகத் தொலைவிலே நிகழ்ந்தது. 1950களின் தொடக்கத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைப்பனிக்கு வாகனப் புகையிலுள்ள ஐதரோக்காபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் காரணமென ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியலாளர் நிறுவினார். அமெரிக்காவில் பென்டிக்ஸ் நிறுவனம் 1957 அளவில் மின்னால் இயங்கும் எரிபொருள் பீச்சல் முறையொன்றை வெளியிட்டது. அதன் இலத்திரனியற் பாகங்கள் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கவில்லை. அதனைப் பொருத்திய மிகச் சில கார்களுட் பெரும்பாலானவற்றுக்குப் பின்னர் காபரேற்றரே மாட்டப்பட்டது. ஆக, பழுதுபட்ட கட்டுப்பாட்டுப் பெட்டி என்பது இத்தொழில்நுட்பத்தின் முதுமையில் வந்த நோயன்று, அதனுடன் கூடப்பிறந்த நோயாகும். பென்டிக்ஸின் காப்புரிமைகள் வழியாக ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1967 இல் வொக்ஸ்வாகன் காருக்கு ஒரு வெற்றிகரமான முறையை அமைத்தது. 1970 இல் அமெரிக்காவின் தூய வளிச் சட்டம் இறுக்கப்பட்டது; யப்பானும் 1978 இல் கடுமையான புகை விதிகளை நடைமுறைப்படுத்தியது. இவ்விதிகளைக் காபரேற்றராற் கடைப்பிடிப்பது அரிதாயிற்று. 1980களில் எரிபொருளையும் தீப்பொறியையும் ஒருங்கே ஆளும் நுண்செயலிப் பெட்டி யப்பானியக் கார்களிற் பரவியது.

யப்பானில் புதிய கார் மூன்று ஆண்டுகளின் பின்னரும், அதன்பின் இரண்டாண்டுக்கொருமுறையும் செலவுமிக்க பரிசோதனைக்குட்படல் வேண்டும். ஆகவே பலர் நல்ல நிலையிலுள்ள காரையே கைவிடுகின்றனர். அங்கும் இங்கும் வீதியின் இடப்பக்கமே ஓடுபாதை. இவ்வாறு சில ஆண்டுகள் ஓடிய யப்பானியக் கார் எமது சந்தைக்கு வந்தது. லொஸ் ஏஞ்சலிஸின் வளிக்காக இயற்றிய சட்டத்தின் விளைவு, ஒருவரும் கேளாமலே, கல்முனை வீதிக்கு வந்து சேர்ந்ததும் அவ்வழியேதான்.

பெட்டியினுள் முதலில் மூப்படைவது நுண்செயலியன்று. மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிறிய உருளை வடிவக் கொள்ளளவிகளே. இவற்றினுள் ஒரு திரவமுண்டு. வெப்பநிலை 10 பாகை உயர, அவற்றின் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் விதி. 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் ஆக்கப்பட்ட யப்பானியக் கொள்ளளவிகள் பலவற்றில் அத்திரவம் அடிமுத்திரையை அரித்துக் கசிந்து, சுற்றுப்பலகையின் செப்புத் தடங்களையும் தின்றுவிடுகின்றது. அதன்மேற் பற்றாசுக்கோலை வைத்தால் மீன்நாற்றம் எழும். மீன்வாடியிற் பிறந்து வளர்ந்த எமது ஊரவர்க்கு அந்நோயை இனங்காண்பதில் ஓரளவு அனுகூலம் உண்டு போலும்! கடற்காற்றின் உப்பு மூலைகளிற் புகுந்து இணைப்பூசிகளைப் பச்சை பூக்கச் செய்வது வேறு. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்த அம்பாறை மாவட்டத்தில், உப்புநீரில் மூழ்கிய வாகனமொன்றைக் கழுவி உலர்த்தினாலும் அதன் பெட்டி சில மாதங்களின் பின் மடிவதேன் என்பதை வாகனம் ஓட்டுவோர் பலர் அறிந்துகொண்டனர்.

அண்மையிற் கல்முனையில் ஒரு திருத்துமிடத்தில் யான் கண்டதை ஈண்டு விவரித்தல் பொருந்தும். 1993 ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா அது. உரிமையாளர் நோயாளரை ஆசுபத்திரிக்கு ஏற்றியிறக்கி வாழ்பவர். கார் நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர் வீட்டு அடுப்பைப் பாதிக்கும் நாளே. இயந்திரம் சூடானதும் நின்றுவிடும். ஆறினால் மீண்டும் எழும். "காக்கா, இது இனிச் சரி வருமா?" என்று அவர் கேட்டார். "பெட்டியில முதல் கை வைக்கப்படா, வயரப் பாத்துத்தான் பெட்டி" என்பதே விடை. இவ்விடையில் ஒரு முழுத் தொழிலறிவு அடங்கியுள்ளது. பெட்டி பழுதென ஒதுக்கப்படுபவற்றுட் பல உண்மையில் அறுந்த ஏர்த் வயராகவோ தேய்ந்த றிலேயாகவோ இருக்கும்.

முதலில் அவர் சோதனை இணைப்பின் இரு துளைகளை ஒரு துண்டு வயராற் பொருத்திச் சாவியைத் திருப்பினார். அவ்வாறு செய்யின் டாஷ்போட்டிலுள்ள இயந்திர விளக்கு குறியெண்ணைச் சிமிட்டிக் காட்டும். இருமுறை சிமிட்டி, நின்று, மீண்டும் இருமுறை சிமிட்டினால் 22. அது குளிர்நீர் வெப்பமானியின் பழுது. இக்காரிலோ விளக்கு ஒருவேளை எரிந்தது, மறுவேளை எரியவேயில்லை. பல்மானியால் உருகி, றிலே, ஏர்த் அனைத்தையும் அளந்து, பெட்டிவரை 12 வோற்று குறைவின்றி வருவதைக் கண்டபின்னரே பற்றரியைக் கழற்றிப் பெட்டியை வெளியிலெடுத்தார். மூடியைத் திறந்ததும் மூன்று கொள்ளளவிகளின் அடியிற் கருமை படர்ந்திருந்தது. அவற்றை நீக்கி, பலகையை அற்ககோலால் துலக்கி, அதே மைக்ரோபரட் அளவும் குறையாத வோற்றளவும் உடைய 105 பாகை வகைக் கொள்ளளவிகளை, நேர் எதிர் முனை மாறாது பொருத்தினார். அரிபட்ட ஒரு தடத்துக்கு மயிரிழை போன்ற வயரால் பாலமிட்டார். ஈரம் புகாப் பூச்சொன்றைத் தடவி மூடினார். உதிரிகளின் விலை ஒரு வேளைச் சோற்றுப் பார்சலின் விலைக்குக் கிட்டவே இருந்தது.

கொழும்பு பஞ்சிகாவத்தையிற் பழைய பெட்டியொன்றை வாங்கியிருக்கலாமே எனின், டொயோட்டாவின் 89661 எனத் தொடங்கும் இலக்கம் கடைசி எண்வரை பொருந்தல் வேண்டும். பொருந்தினும் அதனுள்ளிருப்பவை அதே வயதுக் கொள்ளளவிகளே. கிழவரை நீக்கிவிட்டு மற்றொரு கிழவரை அமர்த்துவதையே அது ஒக்கும்.

இங்கு வரலாற்று மாணவன் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அத்திருத்துநர் இளமையிற் கார்க் கம்மியர் அல்லர், வானொலி திருத்தியவர். 1970களின் இறுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்ற எமது ஊரவர் கொணர்ந்த கசற் வானொலிகளும் தொலைக்காட்சிகளுமே அவருக்குப் பள்ளிக்கூடம். கராஜின் அறிவும் வானொலிக் கடையின் அறிவும் ஒரு மேசையிற் சந்தித்தமையாலேயே இத்தொழில் எம்மிடையே உருவாயிற்று என்பது என் கருத்து. ஆயினும் அவர் கையில் எழுதப்பட்ட ஏடு எதுவுமில்லை. தமிழில் இதற்கென நூல் எதனையும் யான் கண்டிலேன். பக்கத்தில் நின்ற பையன் கண்ணாற் பார்த்தே கற்கின்றான்.

இத்தொழிலுக்கு ஓர் எல்லையும் உண்டு. நுண்செயலி எரிந்துவிடின், அதனுள் ஆக்கியோன் பதித்த நிரல் வெளியார்க்குக் கிடையாமையால், கைவன்மை அங்கே பயன்படாது. அத்தகைய பெட்டிகள் பன்னிரண்டு பதின்மூன்று அவர் கடைத் தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் திரான்சிற்றர்களையும் இணைப்பூசிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றியெடுத்து, வேறு பெட்டிகளுக்குப் பொருத்திக்கொண்டிருந்தார்.