எடுக்கப்படாத படத்தின் வாரிசுகள்

விண்ணை முட்டும் கட்டடங்கள், இடையே பறக்கும் டாக்சிகள், உச்சியில் பணக்காரர்கள், அடியில் வெளிச்சமே படாத சந்துகளில் ஏழைகள். இந்த இருண்ட நகரத்தை எத்தனை ஆங்கிலப் படங்களில் பார்த்துவிட்டோம்! அதன் பூர்வீகத்தை விசாரித்துக்கொண்டு போனால், பிரான்சில் 1980 டிசம்பரில் தொடங்கிய ‘இன்கல்’ காமிக்ஸின் வாசலில் சற்று நின்றாக வேண்டும். அதில் நகரம் மேலே வளரவில்லை. ராட்சதக் கிணறாக நிலத்துக்குள் இறங்குகிறது. அடியில் அமில ஏரி. கதை தொடங்கும்போதே ஜான் டிஃபூல் என்ற சில்லறைத் துப்பறிவாளனை முகமூடி ஆசாமிகள் அதற்குள் வீசிவிடுகிறார்கள்.

இந்த டிஃபூலுக்கு வயது ஐந்நூற்றுச் சொச்சம். 1370களில், மம்லூக்குகள் ஆண்ட எகிப்துப் பக்கமிருந்து சீட்டுக்கட்டு ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. அடுத்த நூற்றாண்டில் இத்தாலியர்கள் அதில் கூடுதல் படச்சீட்டுகளைச் சேர்த்து டாரட் ஆட்டத்தை உருவாக்கினார்கள். மிலான் பிரபுக்களுக்காகத் தங்கத்தகடு ஒட்டி வரைந்த சீட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒருவன், தலையில் இறகு செருகிய கந்தல்காரன்: முட்டாள், ஆங்கிலத்தில் ‘தி ஃபூல்’. டிஃபூலின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். அந்தச் சீட்டால் எதையும் ஜெயிக்க முடியாது. இக்கட்டான நேரத்தில் இறக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். டிஃபூலின் குணமும் ஏறக்குறைய அதுதான்.

அந்தக் காலத்து டாரட்டில் ஜோசியம் கிடையாது, வெறும் ஆட்டம்தான். 1781இல் பாரிஸில் கூர் த ஜெபலன் என்ற அறிஞர், இது பண்டை எகிப்தியப் பூசாரிகளின் ஞானநூல் என்று எழுதிவைத்தார். ஆதாரம்? எதுவும் இல்லை. எகிப்திய எழுத்தை ஷாம்போலியோன் படித்துக்காட்டவே 1822 ஆகிவிட்டதால், மறுத்துப் பேசவும் ஆள் இல்லை. சில ஆண்டுகளுக்குள் எத்தேயா என்ற புனைபெயர்க்காரர், குறி சொல்வதற்கென்றே தனிக் கட்டு அச்சிட்டு விற்க ஆரம்பித்தார். கட்டுக்கதைக்கு இப்படி ஒரு வியாபாரி வாய்த்துவிட்டால் அப்புறம் அதை யாரால் நிறுத்த முடியும்?

அந்தக் கதையில் மயங்கியவர்களின் வரிசையில் வந்தவர் அலெஹாந்த்ரோ ஜோடரோவ்ஸ்கி. 1929இல் சிலி நாட்டின் தொகோப்பியா துறைமுக ஊரில் பிறந்தவர். 1953இல் பாரிஸ் போய் மார்செல் மார்சோவோடு மௌன நடிப்பில் இறங்கினார். மெக்சிகோவில் நாடகம் போட்டார், செய்தித்தாளில் காமிக்ஸ் வரைந்தார், பார்த்தவர்களைத் தலைசுற்ற வைத்த படங்களை எடுத்தார். டாரட் பைத்தியம் மட்டும் விடவே இல்லை. 1970களின் நடுவில் ‘டூன்’ நாவலைப் படமாக்கக் கிளம்பினார். சக்கரவர்த்தியாக ஓவியர் சால்வதோர் தாலி, கூடவே ஆர்சன் வெல்ஸ், இசைக்கு பிங்க் ஃபிளாய்ட் என்று திட்டம் வீங்கிக்கொண்டே போனது.

காட்சிகளை வரைய அவர் பிடித்து வந்தவர் ழான் ஜிரோ. இவர் தமிழ் வாசகர்களுக்கு அந்நியர் அல்ல. முத்து, லயன் காமிக்ஸ் வழியாக நமக்குக் ‘கேப்டன் டைகர்’ ஆக அறிமுகமான புளூபெர்ரியை வரைந்த அதே கைதான். கௌபாய் கதைக்கு ஒரு பெயர், கனவுக் கதைகளுக்கு மோபியஸ் என்று இன்னொரு பெயர். ‘டூன்’ படத்துக்காக மட்டும் சுமார் மூவாயிரம் படங்கள் வரைந்தார். அவை தடித்த புத்தகமாகி ஹாலிவுட் ஸ்டூடியோக்களை ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. யாரும் பணம் போடவில்லை. படம் படுத்துவிட்டது.

படுத்த பிறகுதான் வேடிக்கை. சிறப்புக் காட்சிகளைக் கவனிக்க அமெரிக்காவிலிருந்து பாரிஸ் வந்திருந்த டான் ஓபேனன், வேலையற்ற நேரத்தில் பொழுதுபோக்காக ஒரு துப்பறியும் காமிக்ஸைக் கிறுக்கிவைத்திருந்தார். மோபியஸ் அதை வாங்கித் தன் கோட்டில் வரைந்தார். பல அடுக்கு நகரத்தின் அடிமட்டத்தில் நடக்கும் அந்தச் சிறுகதை, ‘தி லாங் டுமாரோ’, 1976இல் மோபியஸும் நண்பர்களும் நடத்திய ‘மெத்தால் உர்லான்’ இதழில் வந்தது. மேலே முதலாளி, கீழே தொழிலாளி என்ற நகர அமைப்பை 1927லேயே ‘மெட்ரோபொலிஸ்’ படம் காட்டிவிட்டது, உண்மைதான். மோபியஸ் அதில் குப்பையையும் கூட்டத்தையும் சேர்த்தார்.

நேஷனல் லாம்பூன் பதிப்பாளர் லெனார்ட் மோகல், தன் பத்திரிகைக்குப் பிரெஞ்சுப் பதிப்பு கொண்டுவர பாரிஸ் போன இடத்தில் ‘மெத்தால் உர்லான்’ கண்ணில் பட்டது. விற்கப் போனவர் வாங்கி வந்தார். 1977 ஏப்ரலில் நியூயார்க்கில் ‘ஹெவி மெட்டல்’ பிறந்தது. அதன் பிறகு பிடித்து நிறுத்த முடியவில்லை. ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ (1982) நகரத்தில் ‘தி லாங் டுமாரோ’ தெரிகிறது. ‘நியூரோமான்சர்’ எழுதிய வில்லியம் கிப்சன், தன் நாவலின் தோற்றத்தில் ‘ஹெவி மெட்டல்’ ஓவியங்களுக்குப் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டார். ஜப்பானில் ‘அகிரா’ வரைந்த கத்சுஹிரோ ஒத்தோமோ மோபியஸின் ரசிகர். ஓபேனனோ கையில் காசில்லாமல் ஊர் திரும்பி, நண்பர் வீட்டு சோஃபாவில் படுத்தபடி ‘ஏலியன்’ கதையை எழுதினார்.

‘இன்கல்’ பிறந்ததும் இதே இடிபாட்டில்தான். ‘டூன்’ படத்துக்காகச் சேர்த்த கனவுகளை வீணாக்க மனமில்லாமல், ஜோடரோவ்ஸ்கி மோபியஸ் முன்னால் கதையை நடித்துக் காட்டினார். அவர் வரைந்துகொண்டே போனார். 1988க்குள் ஆறு ஆல்பங்கள். டாரட் முட்டாள் துப்பறிவாளனானான். தோளில் கான்கிரீட் இனக் கடற்பறவை.

1997இல் லுக் பெசோனின் ‘ஃபிஃப்த் எலிமென்ட்’ வந்தபோது, இது எங்கள் ‘இன்கல்’ அல்லவா என்று காமிக்ஸ் தரப்பினர் வழக்குப் போட்டார்கள். சங்கடம் என்னவென்றால், அந்தப் படத்துக்குச் சம்பளம் வாங்கி வரைந்தவர்களில் மோபியஸும் ஒருவர். வழக்கு தோற்றது. எனக்கென்னவோ அந்தத் தீர்ப்பில் பெரிய அநியாயம் தெரியவில்லை. மிலான் சீட்டிலிருந்து முட்டாளையே தூக்கி வந்தவர்கள் திருட்டுப் புகார் கொடுப்பதில் கொஞ்சம் நகைச்சுவை இருக்கிறது.

2021 நவம்பரில் பாரிஸ் கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு ‘டூன்’ படப் புத்தகத்தின் ஒரு பிரதி வந்தது. முன்மதிப்பு 25,000 முதல் 35,000 யூரோ. போனதோ 26 லட்சத்து 60 ஆயிரம் யூரோவுக்கு! வாங்கியது ஒரு கிரிப்டோ முதலீட்டுக் குழு. புத்தகத்தை ஊருக்கெல்லாம் திறந்துவிடுவோம், அனிமேஷன் தொடர் எடுப்போம் என்று அறிவித்தார்கள். பிரதியை வாங்கினால் பதிப்புரிமையும் சேர்ந்து வராது என்று இணையமே கூடிச் சிரித்தது.