மடம் இல்லாத சபை

வாடிப்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மேளம் நினைவுக்கு வரும். மதுரைப் பக்கத்துக் கத்தோலிக்கருக்கு ஆரோக்கிய அன்னை கோயில். செப்டம்பர் திருவிழாக் கூட்டத்தில் உடுப்பு அணிந்த பெண் துறவி எவரேனும் எதிர்ப்பட்டால், "சிஸ்டர், நீங்க எந்தச் சபை?" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். இதே கேள்வியைச் சீர்திருத்தக் கிறிஸ்தவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று பதில் வரும். அவர்களுக்குச் சபை என்பது ஞாயிற்றுக்கிழமை போகும் இடம். கத்தோலிக்கருக்கு, அதுவும் துறவியரைப் பற்றிய பேச்சில், சபை என்பது ஒருவர் வார்த்தைப்பாடு கொடுத்துச் சேர்ந்த அமைப்பு.

சொல் வடமொழி வழி வந்தது. சோழர் காலத்தில் சபை என்றால் பிராமண ஊர்களின் ஆட்சிக் குழு. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள் (919, 921) அந்தச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை வழியே ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்கின்றன: வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும், வயது வரம்புக்குள் இருக்க வேண்டும். குடவோலைப் பெருமை பேசுகிறவர்கள் அங்கே பெண்ணுக்கு இடமில்லை என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்தச் சொல்தான் பின்னால் பெண்களே கூடி, பெண்ணே தலைமை தாங்கும் அமைப்புக்குப் பெயராயிற்று.

சரி, பெண் துறவியைப் பழந்தமிழில் என்னவென்று அழைத்தார்கள்? சிலப்பதிகாரத்துக் கவுந்தி, சமணத் துறவி. கோவலனையும் கண்ணகியையும் மதுரை வரை நடத்தி வந்து, நகருக்கு வெளியே ஆயர் குலத்து மாதரியிடம் அடைக்கலமாக விட்டவர். அவரை அடிகள் என்றே சொல்கிறது காப்பியம். ஆண் துறவிக்கும் அதே சொல்தான். கழுகுமலைப் பாறைச் சிற்பங்களின் அடியில் குரத்தி என்று பெண் ஆசிரியர்களின் பெயர்கள் வருகின்றன. குரவர் என்பதன் பெண்பால் அது. விளாப்பாக்கத்தில் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று பட்டினிக் குரத்தி தோண்டுவித்த கிணற்றைச் சொல்கிறது. அந்த இடம் பெண்பள்ளி ஆனதையும் சொல்கிறது. அடிகள், குரத்தி, இரண்டுமே அந்தப் பெண்ணின் பெருமையையும் வேலையையும் குறித்தன. அவள் மணமானவளா இல்லையா என்பது பெயருக்குள் வரவில்லை.

கன்னியாஸ்திரீ என்ற சொல்லில் அது வந்துவிட்டது. கன்னி என்றாலே பெண்தான், அதன்மேல் ஸ்திரீயும் ஏன் என்று இலக்கணக்காரர் கேட்கலாம். எனக்கு உறுத்துவது வேறு. 1858இல் திருச்சியில் அன்னம்மாள் தொடங்கிய புனித அன்னாள் சபையில் முதலில் சேர்ந்தவர்கள் கைம்பெண்கள். அவர்களையும் ஊர் கன்னியாஸ்திரீ என்றுதான் சொல்லியாக வேண்டியிருந்தது. மடத்தம்மா என்ற வழக்கு இதைவிட நேர்மையானது. இன்ன இடத்தில் இருப்பவர் என்பதோடு அது நின்றுகொள்கிறது.

மடமும் வடமொழியே. தமிழில் அதற்கு முன்பே வேறொரு மடம் உண்டு: அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று பெண்ணுக்கு விதித்த நான்கில் ஒன்று. ஒலி ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

இனி, மடத்தில் இல்லாத பெண்ணை என்ன சொல்வது? பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் புழங்கிய மூன்றாம் சபை என்ற சொல் இங்கேதான் நமக்கு வேண்டும். அசிசி நகர் பிரான்சிஸைச் சுற்றி முதலில் சேர்ந்தவர்கள் ஆண் துறவிகள். அது முதல் சபை. 1212இல் கிளாரா வந்தார். வெளியே வராமல் அடைப்பு மடத்தில் வாழும் பெண்களின் இரண்டாம் சபை உருவாயிற்று. வீடு, வயல், பிள்ளை குட்டிகளை விட முடியாதவர்களும் அதே வாழ்க்கையைக் கேட்டார்கள். அவர்களுக்கென 1221இல் ஒரு விதிமுறை எழுந்தது. மூன்றாம் என்பது வந்த வரிசையைத்தான் காட்டுகிறது. ஆனால் மூன்றாம் தரம், மூன்றாம் வகுப்பு என்று பழகிய காதுக்கு அது தாழ்வாகவே ஒலிக்கும்; தமிழில் அந்தப் பெயர் பட்ட பாடு அது. இந்தச் சபையின் பாதுகாவலியாக வணங்கப்படும் ஹங்கேரி நாட்டு எலிசபெத், மூன்று பிள்ளைகளைப் பெற்ற கைம்பெண். 24 வயதில், 1231இல் இறந்தவர்.

அந்நாளில் சேர்க்கை எப்படி? 13ஆம் லியோ திருத்தந்தை 1883இல் தந்த விதியைப் பார்த்தால் துல்லியமாகத் தெரியும். 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஓராண்டு பயிற்சி. மணமான பெண் கணவனுக்குத் தெரியாமல், அவன் சம்மதமில்லாமல் சேரக் கூடாது. ஆன்ம குரு வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய. உடைக்குள்ளே சிறிய உத்தரியம் (இரண்டு துணித்துண்டுகள் கோத்த நாடா), இடையில் கயிறு. நாள்தோறும் 12 பரலோக மந்திரம், 12 மங்கள வார்த்தை, 12 திரித்துவப் புகழ். மாதம் ஒரு கூட்டம். ஆடம்பர உடை வேண்டாம், நடனம் வேண்டாம். சொத்து உள்ளவர் காலத்தோடு உயில் எழுதிவிட வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். துறவு பேசும் ஏட்டில் பாகப் பிரிவினைச் சண்டை தெரிந்த ஒரு கை எழுதியிருக்கிறது. வெளியே பார்த்தால் பக்கத்து வீட்டு அக்காதான். உத்தரியமும் கயிறும் சேலைக்குள் மறைந்திருக்கும்.

இப்படிச் சிதறி வாழும் பெண்களை மடத்துக்குள் கொண்டுவரத் திருச்சபை மேலிடம் விடாமல் முயன்றது. மூன்றாம் சபையைச் சேர்ந்த ஆஞ்சலா மெரிச்சி 1535இல் இத்தாலியின் பிரேஷாவில் தம்மோடு 28 பெண்களைச் சேர்த்து உருவாக்கிய உர்சுலா கூட்டத்துக்கு மடம் கிடையாது. அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு, பெண் துறவி என்றால் அடைப்பு வேண்டும் என்ற சட்டம் இறுகியது. அந்தக் கூட்டத்தின் பல கிளைகள் மடங்களாயின. கேரளத்திலும் இதே போக்குதான். மூன்றாம் சபையில் இருந்த பெண்களின் குழு ஒன்று 1888இல் சங்கனாச்சேரியில் மடமாயிற்று. பிற்காலத்தில் அல்போன்சா சேர்ந்தது அந்தக் கிளாரிஸ்ட் சபையில்தான்.

மதுரைக்கும் இதில் பங்குண்டு. பிரான்சின் நான்த் நகரில் பிறந்த எலேன் தெ ஷப்போத்தேன், முதலில் கிளாரா மடத்தில் சேர்ந்து உடல்நலம் கெட்டு வெளியே வந்தவர். பிறகு பரிகார மரியாள் சபையில் பாடுகளின் மரியா என்ற பெயரோடு, 1865இல் மதுரை மிஷனுக்கு அனுப்பப்பட்டார். உள்ளூர்ப் பெண் துறவியருக்குப் பயிற்சி தருவது அவர்களுக்கு இட்ட வேலை. இரண்டே ஆண்டில் இங்குள்ள மடங்களுக்கெல்லாம் தலைவியானார். சபைக்குள் பிணக்கு மூண்டு, 1876இல் அவரையும் சேர்த்து 20 பேர் பிரிந்து உதகமண்டலம் போனார்கள். 1877 ஜனவரி 6இல் 9ஆம் பயஸ் திருத்தந்தை புதிய சபைக்கு ஒப்புதல் தந்தார். 1882இல் ரோமையில் பாடுகளின் மரியா மூன்றாம் சபையில் சேர்ந்தார். 1885இல் சபை முழுவதும் பிரான்சிஸ்கன் குடும்பத்தோடு இணைந்தது. இன்று எஃப்.எம்.எம். சிஸ்டர் என்று நாம் அறிபவர்கள் அவர்களே. ஆகவே முறைப்படி பார்த்தால் மடத்தில் வாழும் இவர்களும் மூன்றாம் சபை வழியினர்தாம். ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை; மடம் கண்ணுக்குத் தெரிவதால் அதுவே பெயராகிவிடுகிறது.

மடமே வேண்டாம், வார்த்தைப்பாடு மட்டும் போதும் என்ற வழியும் இதற்குள்ளிருந்தே கிளம்பியது. 1919 நவம்பரில் அசிசியின் சான் தமியானோ ஆலயத்தில் அர்மிதா பரெல்லி 12 பெண்களோடு தொடங்கிய அமைப்பில் உடுப்பும் இல்லை, மடமும் இல்லை. ஆசிரியை ஆசிரியையாகவே, தொழிலாளி தொழிலாளியாகவே வாழ்ந்தாள். இத்தகைய அமைப்புகளைத் திருச்சபைச் சட்டம் 1947இல் ஏற்றது.

1978இல் மூன்றாம் சபைக்குப் புது விதி வந்தது. அதோடு பெயரும் மாறி, இப்போது பொதுநிலை பிரான்சிஸ்கன் சபை என்கிறார்கள். எண் போனது நல்லதே. ஆனால் பொதுநிலை என்பது அலுவலகச் சொல்; பாட்டிமார் வாயில் அது நுழையவில்லை. இந்தப் பெண்களுக்குத் தமிழ் தந்திருக்க வேண்டியது கன்னியையும் மடத்தையும் சாராத ஒரு சொல். குரத்தி என்று ஒன்று கைவசம் இருந்தும் அதை நாம் கல்லிலேயே விட்டுவிட்டோம்.

அகராதி தொகுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உத்தரியம், வார்த்தைப்பாடு, மடத்தம்மா, மூன்றாம் சபை போன்ற சொற்களை அச்சு நூல்களில் மட்டும் தேடாதீர்கள். வாசகர்களுக்கும் ஒன்று: உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய ஜெப புத்தகத்தோடு இரண்டு சிறு துணித்துண்டுகள் கோத்த நாடாவோ முடிச்சிட்ட கயிறோ கிடந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அது யாருடையது, அதை வீட்டில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று தெரிந்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.