தேர்தல் சின்னங்கள்: கிண்ணியாவும் மூதூர்த் தொகுதியும்

தேர்தல் சின்னம் என்பது வாக்குச்சீட்டில் பெயரருகே அச்சிடப்படும் சிறு படம். வாசிக்கத் தெரியாதவரும் தாம் விரும்பியவருக்குப் புள்ளடியிட உதவுவதற்காக வந்தது. வாசிக்கத் தெரிந்தவர்களும் இன்று பெயரைத் தேடாமல் படத்தையே தேடுகிறார்கள்.

இலங்கையில் முதலில் இருந்தது நிறம். டொனமூர் யாப்பு 21 வயதான ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை தந்த பின் நடந்த 1931 தேர்தலில், ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி நிறப்பெட்டி வைக்கப்பட்டது. 1947இல் சின்னங்கள் வந்தன. காலப்போக்கில் யானை ஐக்கிய தேசியக் கட்சிக்கும், கை சிறிலங்கா சுதந்திரக் கட்சிக்கும், வீடு தமிழரசுக் கட்சிக்கும் நிலைத்தன.

திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா அடங்கிய மூதூர், 1960 முதல் 1977 வரை இரு உறுப்பினர் தொகுதி. வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். 1970இல் அத்தொகுதி வீட்டுச் சின்னத்தில் அ. தங்கத்துரையையும், கைச் சின்னத்தில் ஏ. எல். அப்துல் மஜீதையும் அனுப்பியது. ஒரே சீட்டில் இரண்டு படங்களுக்கும் புள்ளடியிட இடமிருந்தது. 1977இல் யானை வென்றது, எம். ஈ. எச். மஹ்ரூப் உறுப்பினரானார்.

படத்தின் வலிமை வெளிப்படையாகச் சோதிக்கப்பட்டது 1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பில்தான். பாராளுமன்ற ஆயுளை நீடிக்க ‘ஆம்’ என்பவருக்கு விளக்கு, ‘இல்லை’ என்பவருக்குக் குடம். விளக்கு என்றாலே ஒளி. குடத்துக்கும் நிறைகுடம் என்ற மங்கலம் உண்டு. ஆனால் படத்திலுள்ள குடம் நிறைந்ததா, வெறுமையா என்று யார் கண்டார்? விளக்கு 54.66 வீதம் பெற்று வென்றது. இதைப் படத்தின் வெற்றி என்று மட்டும் சொல்ல முடியாது. அப்போது அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் அதே விளக்கை ஒதுக்கிக் குடத்துக்குப் புள்ளடியிட்டார்கள்.

எம். எச். எம். அஷ்ரப் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ் மரத்தோடு வந்தது. 1988 வடகிழக்கு மாகாண சபைத் தேர்தலில் அது 17 இடங்கள் பெற்றது. பின்னர் அகில இலங்கை மக்கள் காங்கிரஸின் மயிலும் சேர, ஒருவரின் கட்சியை அறிய ‘மரமா, மயிலா’ என்று கேட்டாலே போதுமானது. 1989 முதல் சின்னத்தோடு, விருப்பு வாக்குக்கான வேட்பாளர் இலக்கமும் சேர்ந்தது. அதனால் சுவரொட்டியில் முகம், சின்னம், இலக்கம் மூன்றும் ஒன்றாக நிற்கின்றன. முகம் சிரிக்கிறது; வேலையைச் செய்வது மற்ற இரண்டும்தான்.

சின்னம் கைவிட்டுப் போகும்போதுதான் அதன் பிடி தெரியவரும். 2004இல், தான் முன்பு பயன்படுத்திய உதயசூரியன் சின்னம் பற்றிய தகராறில், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தமிழரசுக் கட்சியின் பழைய வீட்டுச் சின்னத்துக்குத் திரும்பி 22 ஆசனங்கள் வென்றது. சூரியனுக்குப் பழகிய கைகள் தயங்கவில்லை. பெற்றோர் காலத்திலேயே வீடு அறிமுகமான படம். 2020இல் திருகோணமலை மாவட்ட முஸ்லிம் காங்கிரஸ் வேட்பாளர்கள் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசியில் போட்டியிட்டார்கள். மரத்துக்குப் பழகியவருக்குத் தொலைபேசியைக் காட்டிப் பழக்க வேண்டியிருந்தது. அச்சின்னத்தில் இம்ரான் மஹ்ரூப், எம். எஸ். தௌபீக் இருவரும் தெரிவாயினர். 2024 பொதுத் தேர்தலில் மாவட்டத்தின் நான்கு இடங்களில் இரண்டைத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி பெற்றது. தொலைபேசிக்கும் வீட்டுக்கும் ஒவ்வொன்று.