வெள்ளி வீடுகள் – 6: முன்பக்கத்துக் கதவு

கல்வர் சிட்டிப் பட்டறையில் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனர் வாலி பையம் மரச்சட்டமும் மேசனைட் பலகையுமாகக் காரில் இழுத்துப்போகும் வீட்டு டிரெய்லர் செய்துகொண்டிருந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். 1936 ஜனவரியில் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் பிறந்த கதை இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் ஹாலி போலஸைத் தாண்டி கிளிப்பரிடம் போக முடியாது, போகவும் கூடாது. உலகம் இன்று ஏர்ஸ்ட்ரீம் என்று பெயர் சொல்லிப் பாராட்டும் அந்த வெள்ளி உடம்பு போலஸின் கையில் உருவானது. பல புத்தகங்கள் அவரை ஒரு பத்தியில் முடித்துவிடுகின்றன. இந்தத் தொடரும் அப்படிச் செய்ய நான் சம்மதிக்கமாட்டேன்.

பையமும் போலஸும் 1896-ல் பிறந்தவர்கள். வயது ஒன்று, குணம் வேறு. பையம் விளம்பரத் துறையில் பழகிய வாய், எதையும் விற்பார். போலஸுக்குக் கைதான் எல்லாம். கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோவில் வளர்ந்தவர், விடலைப் பருவத்திலேயே கிளைடர் கட்டத் தொடங்கினார். எஞ்சின் இல்லாமல், காற்றின் ஏற்றத்தை மட்டும் நம்பி மிதக்கும் விமானம் அது. ஒரு அவுன்ஸ் கூடினாலும் காற்று கணக்குக் கேட்கும். அந்தக் கணக்கு அவர் விரல்களில் ஊறிப்போயிற்று.

1927-ல் அவர் சான் டியேகோவில் ரயன் விமானக் கம்பெனியின் தொழிற்சாலையைக் கவனித்துக்கொண்டிருந்தார். பழைய மீன் பதப்படுத்தும் கட்டடம் அது. அங்கேதான் சார்லஸ் லிண்ட்பெர்க் தனக்கொரு விமானம் வேண்டும் என்று வந்து நின்றார். வரைந்தவர் டொனால்ட் ஹால். கட்டும் வேலையை நடத்தியவர் போலஸ். 60 நாட்களில் முடித்தார்கள். 46 அடி நீள இறக்கையை மாடியில் வைத்துச் செய்தார்கள். வெளியே எடுக்க வழி இல்லை. கடைசியில் ரயில்பெட்டி ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, அதன் கூரைமேல் இறக்கையைத் தள்ளி, கிரேன் கட்டி இறக்கினார்கள். அந்த 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' மே 20 காலை நியூயார்க்கில் கிளம்பி, முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் பாரிஸில் இறங்கியது. லிண்ட்பெர்க் தெய்வமாகிவிட்டார். கட்டியவர்களின் பெயரை யார் கேட்டார்கள்?

இங்கே ஒரு தவறைத் திருத்தியாக வேண்டும். லிண்ட்பெர்க் விமானத்தின் அலுமினிய உடம்புதான் டிரெய்லராக மாறியது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்த விமானம் எஃகுக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியது, இறக்கைக்குள் மரம். மூக்குப் பகுதி மட்டும்தான் பளபளக்கும் உலோகம். போலஸின் கிளைடர்களும் பெரும்பாலும் மரமும் துணியும்தான். அலுமினியத் தகடே பாரம் தாங்கும் உடல் என்ற எண்ணம் அப்போது அதே வட்டாரத்தில் பரவிக்கொண்டிருந்தது. சான்டா மோனிகாவில் டக்ளஸ் கம்பெனி 1933-ல் டிசி-1, அடுத்த ஆண்டு டிசி-2 என்று அந்த முறையில் பயணிகள் விமானங்களைப் பறக்கவிட்டது. விமானக்காரர் எல்லோரும் பார்த்தது அது. அதைச் சாலைக்குக் கொண்டுவந்ததுதான் போலஸின் பெருமை.

ஏன் சாலைக்கு? கிளைடர்தான் காரணம் என்பது என் முடிவு. 1930 ஜனவரியில் சான் டியேகோ அருகே சோலிடாட் மலையிலிருந்து லிண்ட்பெர்க்கின் மனைவி ஆன் போலஸின் கிளைடரில் பறந்து, அமெரிக்காவில் முதல் தரக் கிளைடர் உரிமம் பெற்ற முதல் பெண்ணானார். அப்போது அவர் வயிற்றில் பிள்ளை. கணவன் மனைவி இருவருக்கும் கற்றுக்கொடுத்தவர் போலஸ். 1934-ல் அவருடைய கூட்டாளி ரிச்சர்ட் டூபாண்ட், இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஆல்பட்ராஸில் எல்மைராவிலிருந்து நியூஜெர்சிக்கு 158 மைல் மிதந்து போனார். காற்று விட்ட இடத்தில் கிளைடர் இறங்கும். அது சோளக்காடாகவும் இருக்கலாம். கீழே ஒரு கூட்டம் காரில் துரத்திக்கொண்டே போய், கழற்றி ஏற்றி, கொண்டுவர வேண்டும். நாள்கணக்கில் சாலையிலேயே வாழும் பிழைப்பு. படுக்க, சமைக்க, கார் இழுக்கும்போது கனக்காத ஒரு வீடு அவர்களுக்கு வேண்டும்.

  

அதே 1934-ல் சான் பெர்னாண்டோவில் போலஸ் 'ரோட் சீஃப்' என்ற டிரெய்லரைக் கொண்டுவந்தார். அதற்குமுன் டிரெய்லர் என்றால் மரக்கூட்டின்மேல் ஏதோ ஒன்றைப் போர்த்திய பெட்டி. இதுவோ உலோக வளைவுகளின்மேல் டியூராலுமின் என்ற அலுமினியக் கலவைத் தகடுகளை வரிசை வரிசையாக ரிவெட் அடித்து இறுக்கிய ஓடு. முட்டை ஓட்டைப்போல ஓடே பாரம் சுமக்கும். ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும்: வெளியே ஒருவர் அடிக்க, உள்ளே ஒருவர் இரும்புக்கட்டை பிடித்து அதன் வால் மடங்கும்படி தாங்க வேண்டும். ஓஹாயோவின் ஜாக்சன் சென்டரில் ஏர்ஸ்ட்ரீம் தொழிலாளர்கள் இப்போதும் இப்படித்தான் ஜோடியாக நிற்கிறார்கள்.

அழகு என்றால் அவ்வளவு அழகு. கண்ணீர்த்துளியின் வடிவம், பின்னால் ஒடுங்கி இறங்கும் வால். ஆனால் கதவு முன்பக்கத்தில், காரோடு கோக்கும் கொக்கிக்கு நேர் மேலே. ஏறுபவர் இழுவைக் கம்பியைத் தாண்டிக் காலெடுத்து வைத்தாக வேண்டும். பக்கவாட்டில் பெரிய ஓட்டை போட்டால் பாரம் தாங்கும் தகடு பலவீனப்படும் என்று விமானக்காரர் யோசித்திருப்பார். அப்படித்தான் எனக்குப் படுகிறது. பாவாடைக்கு ஆபத்தில்லாமல் ஏறி இறங்க முடியுமா என்று வாங்க வந்த குடும்பத்துப் பெண் யோசித்திருப்பார். வியாபாரத்தில் அவர் யோசனைதான் ஜெயிக்கும்.

ஏறத்தாழ 80 வண்டிகள்தான் செய்தார்கள். கையால் இழைத்த வேலை, ஏறிய விலை, பொருளாதார மந்தம் நீங்காத காலம். கம்பெனி திவாலாயிற்று. ரோட் சீஃபை விற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், வேறு யார், வாலி பையம்தான். வாங்க வருகிறவர் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

போலஸின் அந்த ஓட்டை எடுத்துத்தான் கிளிப்பரைச் செய்தார் என்றாலும், பையத்தை நான் திருடர் என்று சொல்லவில்லை. விழுந்த பொருளைத் தூக்கி நிறுத்தினார்; அவர் இல்லையேல் அந்த ஓடு எண்பதோடு மண்ணாகியிருக்கும். ஆனால் கண்டுபிடித்தவர் என்ற பட்டத்தை அவருக்குச் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். நால்வர் படுக்கும் 1,200 டாலர் கிளிப்பரின் உடலில் பையம் செய்த மிகப் பெரிய மாற்றம், கதவைப் பக்கவாட்டுக்கு நகர்த்தியது.

அந்தக் கிளிப்பர், அதற்குப் பெயர் தந்த பான் ஆம் கடல்விமானம், உலர்பனிக்கட்டி வைத்து உள்ளே குளிரூட்டிய விதம் – அடுத்த இதழில்.

(தொடரும்)