மூக்கடைப்பு மருந்து ஜிம்முக்கு வந்த கதை

இன்னைக்கு ஒரு டப்பாவோட வரலாறு.

ராத்திரி ஒன்பதரை மணி. திருவொற்றியூர் தேரடி பக்கம் ஒரு மாடி ஜிம்னு வெச்சுக்கோங்க. வேலை முடிச்சு, வீட்டுல பையைப் போட்டுட்டு வந்த ஒரு தம்பி, ஷேக்கர்ல ஒரு ஸ்கூப் ப்ரீ-வொர்க்அவுட் பவுடரைக் கொட்டிக் குலுக்குறான். கொஞ்ச நேரத்துல முகமெல்லாம் ஊசி குத்துற மாதிரி குறுகுறுப்பு. "ஏறிடுச்சுடா"ன்னு சிரிக்கிறான். அந்தக் குறுகுறுப்பு பீட்டா-அலனின் தோல் நரம்பைச் சீண்டுறதால வர்றது. அதுக்கும் பலத்துக்கும் சம்பந்தமில்லை. நிஜமா வேலை செய்யுற பொருள் சத்தமில்லாம உள்ளே போயிடுது.

வடசென்னைக்கு உடற்பயிற்சி புதுசு இல்லை. 1856-ல் ராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தாச்சு. அப்புறம் துறைமுகம் வளர்ந்தது, மூட்டை தூக்கும் தோள்கள் தேவைப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு எண்ணூரில் அசோக் லேலண்ட், 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் தொழிற்சாலைன்னு ஷிஃப்ட் வேலை வந்தது. இந்த உழைப்பாளிகளின் பிள்ளைகள்தான் கர்லாக்கட்டை சுத்தினாங்க, தண்டால் எடுத்தாங்க, சார்பட்டா, இடியாப்ப நாயக்கர்னு பரம்பரை பரம்பரையா குத்துச்சண்டை போட்டாங்க. 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிப் போட்டியில் இறங்கினார்.

அந்தக் கதை சினிமா வரைக்கும் வந்துடுச்சு. டப்பாவுக்குள்ள இருக்குற கதை நமக்கு அவ்வளவா தெரியாது. அது ஒரு மூக்கடைப்பில் தொடங்குது.

1885-ல் நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய வேதியியலாளர், சீன வைத்தியத்தில் 'மா ஹுவாங்' எனப்படும் செடியிலிருந்து எஃபெட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அது இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால மூக்கு திறக்கும், மூச்சு சுலபமாகும். அதுக்கு மாற்று தேடியபோதுதான் ஆம்ஃபெட்டமின் கவனத்துக்கு வந்தது. 1930-களில் 'பென்செட்ரின்' இன்ஹேலராகக் கடைக்கு வந்தது. 1948-ல் எலி லில்லி நிறுவனம் 'ஃபோர்தேன்' என்ற இன்னொரு மூக்கு மருந்தை விற்றது. அதில் இருந்தது டிஎம்ஏஏ.

இங்கே கொஞ்சம் நிதானிப்போம். மூக்கில் குழாயைச் சுருக்குற மருந்து மூக்கோட நிக்காது. உடம்பு முழுக்கப் போனா இரத்த அழுத்தம் ஏறும், இதயம் வேகமாத் துடிக்கும், தூக்கம் ஓடும். மருந்தில் 'பக்கவிளைவு'ன்னு எழுதின அதே விஷயம், ஜிம்மில் 'எனர்ஜி'ன்னு விற்பனைக்கு வந்தது.

முதலில் எஃபெட்ரா மாத்திரைகள். 2003-ல் அமெரிக்க பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் 23 வயதில் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலில் இறந்தார். அவர் எஃபெட்ரா எடுத்திருந்தது தெரியவந்தது. 2004-ல் அமெரிக்கா எஃபெட்ரா சப்ளிமென்ட்களைத் தடை செய்தது. கதை முடிஞ்சுதா? இல்லை. 2006-ல் பழைய டிஎம்ஏஏ புதுப் பெயரில் சப்ளிமென்டாகத் திரும்பி வந்தது. 2012-ல் லண்டன் மராத்தானில் முடிவுக்கோட்டுக்குக் கொஞ்ச தூரத்துக்கு முன்னால் ஒரு இளம்பெண் விழுந்து இறந்தார். கடும் உழைப்போடு அவர் குடித்திருந்த டிஎம்ஏஏ பானமும் காரணமாக இருக்கக்கூடும்னு மரண விசாரணை சொன்னது. ஒரு பொருளைத் தடை பண்ணா, அதோட பங்காளி வேற லேபிளில் வந்து நிக்குது. சட்டம் பிடிக்கிறதுக்குள்ள சோதனை நம்ம உடம்புல நடந்து முடிஞ்சிடுது.

இந்தியாவில் இதே குடும்பத்தில் இன்னொன்று: மெஃபென்டர்மின் ஊசி. இதுவும் ஒரு காலத்தில் மூக்கடைப்பு இன்ஹேலரில் இருந்ததுதான். இன்னைக்கு முதுகுத் தண்டில் மயக்க ஊசி போடும்போது இரத்த அழுத்தம் சரிந்தால், ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கொடுப்பது. ஜிம்முக்கு வருபவர்களிடம் இதைக் கள்ளத்தனமாக விற்றதாக நாட்டின் பல நகரங்களில் கைதுகள் நடந்திருக்கு. இதுக்கு அடிமையானவர்கள் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதியும் வெச்சிருக்காங்க. பவுடர் பத்தலைன்னு யாராவது "ஒரு ஊசி போட்டுக்கோ"ன்னு சொன்னா, அது சப்ளிமென்ட் இல்லை, அறுவை சிகிச்சை மருந்து. அந்த இடத்தை விட்டுக் கிளம்பிடுங்க.

சரி, நம்ம தம்பி டப்பாவில் இதெல்லாம் இல்லை, வெறும் காஃபீன்தான்னு வெச்சுப்போம். பல பிராண்டுகளில் ஒரு ஸ்கூப்பில் 150 முதல் 300 மில்லிகிராம் இருக்கும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 வரை பரவாயில்லைன்னு அமெரிக்க எஃப்டிஏ சொல்லுது. காலையில் குடிச்ச டீ, காபியும் அந்தக் கணக்கில்தான் சேரும். காஃபீன் பாதியாகக் குறைய சுமாராக ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஒன்பதரைக்கு 300 குடிச்சா, காசிமேட்டில் மீன் ஏலம் சூடுபிடிக்கிற அதிகாலை இரண்டரைக்கும் 150 ரத்தத்துல ஓடிக்கிட்டே இருக்கும். தூங்குறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் எடுத்தவங்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைஞ்சதுன்னு 2013-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது.

காஃபீன் சக்தியைக் கொடுக்குறதில்லை. "களைச்சுட்டேன்"னு மூளைக்குச் சேதி சொல்லும் அடினோசினை வாசல்லயே மறிச்சு நிறுத்துது, அவ்வளவுதான். களைப்பு அங்கேயேதான் இருக்கு. மீட்டர் வட்டிக்குக் கடன் வாங்குற மாதிரி. கையில காசு இருக்கும், விடியும்போது வட்டி ஏறியிருக்கும். நல்லாத் தூங்கும்போது இரத்த அழுத்தம் பத்து, இருபது சதவீதம் இறங்கும். இதயத்துக்கு அதுதான் ஓய்வு. தூக்கம் போனா அந்த ஓய்வும் போச்சு. தசை வளர்றதும் பெரும்பாலும் ஓய்வில்தான். அதையும் சேர்த்து இழக்குறோம்.

ஷிஃப்ட் வேலை பார்க்குற ஊரில் "சீக்கிரம் தூங்கு"ன்னு சொல்றது சுலபம், செய்யுறது கஷ்டம். நேரத்தை நீங்க முடிவு பண்றதில்லைன்னு எனக்கும் தெரியும். அதனால மூணே விஷயம். லேபிளில் காஃபீன் அளவு எண்ணாக இல்லாம 'ப்ளெண்ட்'னு மட்டும் இருந்தா அந்த டப்பாவை வாங்காதீங்க. வேலை முடிஞ்சு ராத்திரி ஜிம் போறீங்கன்னா ஸ்கூப்பை விட்டுட்டு, வெயிட்டைக் குறைச்சுத் தூக்குங்க. நெஞ்சு வலி, மயக்கம், நிக்காத படபடப்பு வந்தா "பவுடர் ஏறுது"ன்னு உட்காராம 108-ஐக் கூப்பிடுங்க. என்ன குடிச்சீங்கன்னு டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. முடிஞ்சா டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். இன்னைக்கு ராத்திரி தூங்குங்க.