நிலப் பத்திரம் முதல் விதை ரசீது வரை: விவசாய ஆவணங்களை வகைபிரித்து வைப்பது எப்படி?

விதை சரியாக முளைக்கவில்லை என்று புகார் சொல்லப் போனால், முதலில் கேட்கப்படுவது ரசீதும் பையில் தைத்திருந்த அட்டையும்தான். காப்பீட்டுக்குப் போனால் அடங்கல், பிரீமியம் கட்டிய ரசீது. பல வீடுகளில் இவை இல்லாமல் இல்லை. ஒரே மஞ்சள் பைக்குள் தாத்தா காலத்துப் பத்திரம், மின் கட்டண அட்டை, உர ரசீது எல்லாம் ஒன்றாகக் கிடப்பதால் கேட்ட நேரத்தில் கைக்கு வருவதில்லை.

வருவாய்த்துறை பசலி ஆண்டுப்படி கணக்கு வைக்கிறது. வங்கிக்கு ஏப்ரல் முதல் மார்ச். காப்பீட்டுக்குப் பருவம். இவற்றில் எதையும் அப்படியே நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை. ஒரு காகிதத்தைக் கையில் எடுத்ததும், இது நிலத்தைப் பற்றியதா, பயிரைப் பற்றியதா என்று மட்டும் பாருங்கள்.

நிலக் காகிதங்கள்: புல எண் வாரியாக

ஒவ்வொரு புல எண்ணுக்கும் ஒரு தடித்த உறை. மேலே கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு, பட்டா எண். உள்ளே கிரயப் பத்திரம் அல்லது பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, புலப்பட நகல், வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அந்த நிலத்தில் உள்ள கிணற்றின் மின் இணைப்புக் காகிதம். ஒரே பத்திரத்தில் நான்கு புல எண்கள் இருந்தால், அசலை ஒரு உறையில் வைத்து மற்றவற்றில் நகல் வையுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் பணிக்கு முந்தைய பத்திரங்களில் பல ஊர்களில் பழைய புல எண்தான் இருக்கும். 'அ' பதிவேட்டு நகல் எடுத்தால் பழைய எண், புதிய எண் இரண்டும் தெரியும். இரண்டையும் உறையின் மேல் எழுதுங்கள். பாகம் பிரித்து 112/3 என்பது 112/3அ ஆனாலும் இதே முறைதான்.

பயிர்க் காகிதங்கள்: பட்டம் வாரியாக

'2024 குறுவை', '2024 சம்பா', 'ஆடிப்பட்ட நிலக்கடலை' என்று உறைக்குப் பெயர் வையுங்கள். பசலியைத் தலைப்பாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பசலி ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடிகிறது. 2024 ஜூனில் விதைத்த குறுவை பசலி 1433-இல் தொடங்கி 1434-இல் அறுவடையாகும். ஒரு பயிர் இரண்டு உறைக்குள் போய்விடும். பசலி எண்ணை ஓரத்தில் எழுதிக்கொண்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் பேச வசதி.

கரும்பு, வாழைக்கு நட்ட தேதியை வைத்து ஒரு உறை, மறுதாம்பும் அதிலேயே. தென்னைக்கு ஆண்டுக்கு ஒன்று போதும். மாடு வைத்திருப்பவர்கள் காது வில்லையின் 12 இலக்க எண்ணை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

விதைப் பையின் அட்டையை அறுவடைவரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் வைத்திருங்கள். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை. குவியல் எண் அதில்தான் இருக்கிறது. ரசீதிலும் அதே எண் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒரு கைப்பிடி விதையையும் அதே பையில் கட்டி வைத்தால் நல்லது. விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விதை வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர, பாதிப்பு ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஆகவே விதை, மருந்து ரசீதுகளுக்கு அறுவடைக்குப் பின் 2 ஆண்டு என்று கணக்கு வையுங்கள்.

உரக்கடையில் விற்பனை முனையக் கருவி தரும் வழவழப்பான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே நகல் எடுங்கள், அல்லது கைபேசியில் படம் பிடியுங்கள். ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்ற உள்ளூர்ச் சேதத்தைப் பயிர்க் காப்பீட்டில் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அப்போது தேட நேரமிருக்காது. காப்பீட்டு ரசீது, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றும் அந்தப் பருவ உறையின் மேலாகவே இருக்கட்டும். இழப்பீடு கணக்கில் ஏறும்வரை எடுக்க வேண்டாம்.

எதை எறியலாம்?

பட்டா இப்போது இணையத்தில் கிடைப்பதால் பத்து நகல் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் தாத்தா பெயரில் உள்ள பழைய பட்டா, கிஸ்து ரசீது, பெயர் மாறிய ஆண்டின் அடங்கல் இவற்றை எறியவே கூடாது; உரிமை எப்படிக் கைமாறியது என்பதற்கு அவைதான் சாட்சி. குத்தகை விவசாயிகள் குத்தகை கட்டிய ஒவ்வொரு ரசீதையும் காக்க வேண்டும். கடன் காகிதங்கள் கடன் தீரும்வரை. நிலுவையில்லாச் சான்று மட்டும் நிரந்தரம். நிலத்தை அடமானம் வைத்திருந்தால், கடன் தீர்ந்ததும் பத்திரத்தைத் திரும்ப வாங்குவதோடு ரசீது ஆவணத்தையும் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும்.

பத்திரத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, தகரப் பெட்டியில், தரையில் படாமல் வையுங்கள். கரையான், இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். ஜமாபந்தி நேரம் அதற்குப் பொருத்தமானது. பட்டாவில் திருத்தம் தெரிந்தால் கையோடு மனுவும் கொடுத்துவிடலாம்.

கடைசியாக, ஒரு நோட்டில் ஒவ்வொரு பத்திரத்தின் எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம், அசல் இப்போது வீட்டில் உள்ளதா வங்கியில் உள்ளதா என்பதை எழுதுங்கள். அசல் தொலைந்தாலும் இந்த விவரம் இருந்தால் சான்றிட்ட நகல் வாங்கிவிடலாம். அந்த நோட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் வேறிடத்தில் வைத்து, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இடத்தைச் சொல்லிவையுங்கள்.