பார்வோவைரஸ் பி19

எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்களாக வளரவேண்டிய இளம் செல்களைக் குறிவைத்துத் தாக்கும் மிகச் சிறிய டி.என்.ஏ. வைரஸ். பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொற்றி, இலேசான காய்ச்சலோடும் கன்னச் சிவப்போடும் போய்விடும்.

இதன் வரலாறு வைரஸிலிருந்து தொடங்கவில்லை. பரம்பரை ரத்தச் சிதைவு நோயாளிகளுக்குத் திடீரெனச் சோகை முற்றும்போது, சிவப்பணுக்கள் கூடுதலாக அழிவதே காரணம் என்று மருத்துவர்கள் நம்பிவந்தனர். 1948இல் நார்வே மருத்துவர் பால் ஓவ்ரென் இதை மறுத்தார். அழிவு கூடவில்லை, மஜ்ஜையில் உற்பத்தி நின்றுபோகிறது என்றார். வைரஸ் கண்ணில் படுமுன்பே அதன் வேலையைக் கண்டறிந்த பெருமை அவருடையது. பாடநூல்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

1975இல் லண்டனில் ஆஸ்திரேலிய வைரஸியலாளர் இவோன் கோசார்ட்டும் குழுவினரும் ரத்தக் கொடையாளர்களின் ரத்தத்தில் மஞ்சள்காமாலை பி வைரஸைத் தேடிக்கொண்டிருந்தனர். சோதனைக்கான 'பி' தொகுப்பின் 19ஆம் மாதிரி பொருந்தாத முடிவைக் காட்டியது. மின்னணு நுண்ணோக்கியில் வேறொரு வைரஸ் தெரிந்தது. மாதிரியின் எண்ணே பெயராயிற்று. அதனால் என்ன நோய் வரும் என்பது சில ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1981இல் லண்டனில், உற்பத்தி முடங்கிய அரிவாள் செல் சோகைக் குழந்தைகளின் ரத்தத்தில் அது மீண்டும் அகப்பட்டது. ஜமைக்காவில் கிரகாம் செர்ஜன்ட் குழுவினரின் ஆய்வும் அதே ஆண்டில் இதை உறுதிசெய்தது.

தொற்று ஏற்பட்டதும் சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை சிவப்பணு உற்பத்தி நிற்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால் நலமான உடலுக்கு இது பெரிதாக உறைப்பதில்லை. அரிவாள் செல் நோயாளியின் சிவப்பணுவோ 10 முதல் 20 நாளே வாழும். அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்தில் வேலை நின்ற கதைதான். ஹீமோகுளோபின் மளமளவென்று சரியும். ரத்தப் பரிசோதனையில் புதிதாக வந்த சிவப்பணுக்கள், அதாவது ரெட்டிகுலோசைட்டுகள், அநேகமாகக் காணாமலே போயிருக்கும். மஜ்ஜையை எடுத்துப் பார்த்தால் வளர்ச்சி தடைப்பட்ட இராட்சத முன்செல்கள் தென்படும். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சிலருக்குச் சற்றே குறையலாம். எதிர்ப்புப் புரதங்கள் உருவானதும் மஜ்ஜை தானே விழித்துக்கொள்ளும். அதுவரை ரத்தம் ஏற்றிக் காப்பாற்ற வேண்டும்.

செல்லுக்குள் தொற்ற இந்த வைரஸுக்குப் 'பி (P) ஆன்டிஜன்' என்னும் மேற்பரப்புப் பொருள் தேவை. பிறவியிலேயே அது இல்லாத மிகச் சிலரை இது தொற்றுவதில்லை என்று 1994இல் தெரியவந்தது.

எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் சோகை நீடிக்கும். அவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் செலுத்தப்படுகிறது. கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருவுக்கு ஆபத்து நேரலாம். தடுப்பூசி இல்லை.